முன்பணமும் நாணயமும்
ஆய்வு வட்டப் பாடம்

வாணிபத்தில் பொருளைச் செய்து முடித்துக் கடையில் அடுக்கி வைத்து, வாங்குவோர் வருகைக்குக் காத்திருப்பது ஒரு முறை. வாங்குவோரை முதலில் திரட்டி, அவர்களிடம் முன்பணம் பெற்று, அதன் பின்னர்ப் பொருளைச் செய்து கொடுப்பது மற்றொரு முறை. முதல் முறையில் நட்டம் நேர்ந்தால் அது செய்தவரையே சாரும். இரண்டாம் முறையில் அந்த அபாயத்தின் ஒரு பகுதி, பொருளை இன்னும் கையால் தொட்டறியாத வாங்குவோர் தலைமீதும் ஏறுகிறது. ஆகவே இரண்டாம் முறையைக் கையாளுவோருக்குக் கைமுதல் குறைவாக இருக்கலாம். நாணயம் குறைவாக இருத்தல் ஆகாது.

இவ்விரண்டாம் முறை அண்மைக் காலத்தில் ஒரு புதிய உருவம் பெற்றுள்ளது. ஓர் ஊரில் மேடையமைத்துப் புதிய பொருளை நேரில் காட்டுகிறார்கள். அதே வேளையில் அக்காட்சி இணையத்தின் வழியே உலகெங்கும் செல்கிறது. பார்ப்போர் அங்கிருந்தபடியே பணம் செலுத்தி முன்பதிவு செய்கிறார்கள். நேரிற் கூடும் கூட்டமும் இணையத்தில் கூடும் கூட்டமும் கலந்த இந்த முறையை, உடலில் அணியும் மின்னணுக் கருவிகளைச் செய்யும் சிறு நிறுவனங்கள் பெரிதும் கையாண்டு வருகின்றன. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் இன்று இணையத்திலும் துணி விற்கிறது. நம் சங்கங்களிலும் கண்காட்சியோடு இணைய விற்பனையைச் சேர்த்து நடத்த வேண்டுமென்ற எண்ணம் வளர்ந்து வருகிறது. இந்நிலையில், அம்முறையில் பெரு வெற்றியும் பெரு வீழ்ச்சியும் கண்ட ஒரு சிறு நிறுவனத்தின் வரலாற்றை ஆராய்வது அங்கத்தினர்களுக்குப் பயன் தரும் எனக் கருதுகிறோம்.

1. அணியும் கருவி

கைக்கடிகாரம், மோதிரம், காப்பு போன்ற உருவில் அமைந்து, உள்ளே சிறு கணிப்பொறியைக் கொண்டு, திறன்பேசியோடு கம்பியின்றித் தொடர்பு கொள்ளும் கருவிகளையே அணியும் கருவிகள் என்கிறோம். அவற்றுள் சில நாடித்துடிப்பை அளக்கும். சில நடந்த அடிகளை எண்ணும். சில திறன்பேசிக்கு வரும் செய்தியை மணிக்கட்டிலேயே காட்டும்.

இக்கருவிகளை விற்பதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நெசவாளர்களுக்கு அதனை விளக்க வேண்டுவதில்லை. உடலோடு ஒட்டியிருக்க வேண்டிய பொருளைப் படத்தில் மட்டும் பார்த்து வாங்க எவருக்கும் மனம் துணியாது. சேலையின் கனத்தையும் மென்மையையும் விரல்தான் அறியும். அவ்வாறே கடிகாரத்தின் எடை, வாரின் உறுத்தல், வெயிலில் எழுத்துத் தெரியும் தெளிவு ஆகியவற்றை அணிந்தே அறிய வேண்டும். ஆனால் சிறு நிறுவனத்துக்கு ஊர்தோறும் கடை திறக்க முதல் ஏது? கண்காட்சியில் சிலருக்கு நேரில் காட்டி, அவர்கள் கண்டதைப் பலருக்கு இணையத்தில் தெரிவிப்பதே அதற்கு எட்டும் வழி. கலப்பு முறை தோன்றிய காரணம் இதுவே.

2. பெபிள் கடிகாரம்

எரிக் மிகிகாவ்ஸ்கி என்பவர் கனடா நாட்டு வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றவர். பிளாக்பெரி கைப்பேசியோடு இணையும் கடிகாரமொன்றை முதலில் செய்து விற்றார். அது பெரிதாகப் பரவவில்லை. அடுத்த கடிகாரத்துக்கு மூலதனம் தேடியபோது முதலீட்டாளர்கள் கைகொடுக்க முன்வரவில்லை. எனவே அவர் பொதுமக்களிடமே செல்லத் தீர்மானித்தார்.

கிக்ஸ்டார்ட்டர் என்னும் இணைய மேடை 2009-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. ஒருவர் தம் திட்டத்தையும், அதற்கு வேண்டிய தொகையையும், கெடு நாளையும் அங்கே அறிவிக்கலாம். விரும்புவோர் பணம் தர ஒப்புக்கொள்வர். கெடுவுக்குள் முழுத் தொகையும் சேர்ந்தால் மட்டுமே பணம் வசூலிக்கப்படும். குறைந்தால் எவரிடமும் ஒரு காசும் பெறப்படாது. போதாத பணத்தை வாங்கிக்கொண்டு அரைகுறையாக வேலை தொடங்கும் தீமையை இவ்விதி தடுக்கிறது.

2012 ஏப்ரல் 11-இல் பெபிள் என்னும் கடிகாரத்துக்காக 1,00,000 டாலர் கேட்டு மிகிகாவ்ஸ்கி அம்மேடையில் அறிவிப்புச் செய்தார். மின்தாள் என்னும் ஒருவகைத் திரை கொண்ட அக்கடிகாரம் ஒருமுறை மின்னேற்றினால் ஏறத்தாழ ஒரு வாரம் ஓடும். வெயிலிலும் தெளிவாகத் தெரியும். 115 டாலர் தருவோருக்குக் கருநிறக் கடிகாரமொன்று அனுப்பப்படும் என்பது நிபந்தனை. கேட்ட தொகை இரண்டு மணி நேரத்தில் சேர்ந்துவிட்டது. மே 18-இல் கணக்கு முடிந்தபோது 68,929 பேர் 1,02,66,845 டாலர் தந்திருந்தனர். அம்மேடையில் அதுவரை எந்தத் திட்டத்துக்கும் அவ்வளவு பணம் சேர்ந்ததில்லை.

3. கணக்குக் கூறும் உண்மை

இச்செய்தியைக் கேட்டவுடன் வியப்படைவது இயல்பு. ஆனால் கூட்டுறவாளர்கள் வியப்போடு நின்றுவிடாமல் பென்சிலையும் தாளையும் எடுக்கப் பழக வேண்டும்.

கேட்ட தொகை 1,00,000 டாலர். ஒரு கடிகாரத்துக்கு 115 டாலர். அப்படியானால் அவர்கள் முதலில் எதிர்நோக்கியது ஏறத்தாழ 870 கடிகாரங்களுக்கான ஆணை. கிடைத்ததோ ஏறத்தாழ 85,000 கடிகாரங்களுக்கான ஆணை. திட்டமிட்டதைப்போல் நூறு மடங்கு அளவு! சில நூறு கடிகாரங்களைச் சிறு பட்டறையில் கையாலேயே பூட்டிவிடலாம். 85,000 கடிகாரங்களுக்கு அச்சு வார்க்க வேண்டும். சீன நாட்டுத் தொழிற்சாலையோடு ஒப்பந்தம் செய்ய வேண்டும். உதிரிப் பாகங்களை மொத்தமாகக் கொள்முதல் செய்ய வேண்டும். ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். ஆணை பெருகும்போது வேலையின் அளவு மட்டுமன்றி வேலையின் தன்மையே மாறிவிடுகிறது.

வரவையும் பார்ப்போம். மேடைக்குரிய கட்டணம் நூற்றுக்கு 5 வீதம். பணம் வசூலிப்பதற்குரிய கட்டணம் நூற்றுக்கு 3 முதல் 5 வீதம் வரை. ஆகக் கூடி 8 முதல் 10 வீதம் கழிந்தபின், ஒரு கடிகாரத்துக்கு நிற்பது ஏறத்தாழ 110 டாலர். உதிரிப் பாகம், கூலி, அச்சு, பொதி, அஞ்சல், பழுதுக்கு மாற்று, ஊழியர் ஊதியம் யாவும் இதற்குள் அடங்க வேண்டும். ஒரு கோடி டாலர் எனப் பத்திரிகைகள் எழுதிய பெருந்தொகை, வந்து சேரும் முன்னரே செலவுக்கு ஒதுக்கப்பட்டுவிட்ட தொகையாகும். முன்பணம் ஆதாயமன்று, பொருளாகத் திருப்பித் தரவேண்டிய கடன். இதனை அங்கத்தினர்கள் மனத்தில் பதிக்க வேண்டும்.

2012 செப்டம்பரில் தருவதாகச் சொன்ன கடிகாரத்தை அந்த மாதத்தில் தர இயலவில்லை. காலம் தாழ்ந்தது. இந்நிலையில் அவர்கள் செய்த ஒரு செயல் பாராட்டுக்குரியது. முன்பதிவு எல்லையின்றிப் பெருகுவதைக் கண்டு, கெடு முடியுமுன்பே எண்ணிக்கைக்கு வரம்பு கட்டினார்கள். அதன் பின்னரும், தாமதத்தின் காரணங்களை எடுத்துச் சொல்லி, பணம் தந்தோருக்கு அவ்வப்போது எழுதி வந்தார்கள்.

அதே 2012 செப்டம்பரில் கிக்ஸ்டார்ட்டரும் தன் மேடை ஒரு கடையன்று என வெளிப்படையாக அறிவித்தது. கருவி செய்வோர் கற்பனைப் படங்களைக் காட்டலாகாது, செய்து முடித்த மாதிரியையே காட்ட வேண்டும் என விதித்தது. திட்டத்தில் உள்ள அபாயங்களை எழுதுவதற்குத் தனிப்பகுதியும் ஏற்படுத்தியது. வாங்குவோர் தாம் தருவது விலையா, உதவியா, பங்குத் தொகையா எனத் தெளிவாக அறியாதிருந்தமையே இவ்விதிகள் தோன்றக் காரணம். நம் சங்கத்திலும் பங்குத் தொகை, வைப்புத் தொகை, முன்பணம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ரசீதும் தனித்தனிப் பதிவும் இருத்தல் வேண்டும் என நாம் வலியுறுத்துவது இக்காரணம் பற்றியே.

4. மேடையும் இணையமும்

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் ஆண்டுதோறும் ஜனவரியில் நுகர்வோர் மின்னணுப் பொருட்காட்சி நடைபெறுகிறது. 1967-இல் நியூயார்க்கில் தொடங்கிய காட்சி அது. 2013 ஜனவரியில் மிகிகாவ்ஸ்கி அங்கே மேடையேறிக் கடிகாரத்தைக் காட்டினார். ஜனவரி 23 முதல் அனுப்பத் தொடங்குவதாகவும், வாரத்துக்கு 15,000 கடிகாரங்கள் செய்யப்படுவதாகவும் அறிவித்தார். மண்டபத்தில் இருந்தோர் கடிகாரத்தைக் கையில் வாங்கிப் பார்த்தனர். இணையத்தில் பணம் செலுத்தி ஒன்பது மாதம் காத்திருந்தோர், தம் பொருள் உண்மையிலேயே உருவாகிவிட்டது என்பதை அவர்களின் வாயிலாக அறிந்தனர். இணையத்தில் வாங்கிய நம்பிக்கைக்கு நேர்க்காட்சியில் சான்று காட்டப்பட்டது.

வாரத்துக்கு 15,000 வீதம் இடைவிடாது செய்தாலும் 85,000 கடிகாரங்களுக்கு ஏறத்தாழ ஆறு வாரம் வேண்டும். நிறக் கடிகாரம் கேட்டோர் மேலும் காத்திருந்தனர். 2013 ஜூலையில் அமெரிக்கக் கடைகளில் பெபிள் விற்பனைக்கு வந்தபோது, முதலில் பணம் தந்தோரில் சிலருக்கு இன்னும் கடிகாரம் போய்ச் சேரவில்லை. அவர்கள் மனம் நொந்தனர். முன்பணம் தந்தவன் காத்திருக்க, நேற்று வந்தவன் கடையில் வாங்கிச் செல்வது எந்நாட்டிலும் பொறுக்கக்கூடியதன்று.

இரண்டாம் வெளியீடு இக்கலப்பு முறையை மேலும் திறம்படக் கையாண்டது. 2015 பிப்ரவரி 24-இல் வண்ணத் திரை கொண்ட பெபிள் டைம் என்னும் கடிகாரத்தை இணைய மேடையில் அறிவித்தார்கள். ஒரு மணி நேரத்திற்குள் பத்து இலட்சம் டாலர் சேர்ந்தது. முன்பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே, மார்ச் முதல் வாரத்தில், ஸ்பெயின் நாட்டுப் பார்சிலோனா நகரில் கூடிய உலகக் கைப்பேசி மாநாட்டில், எஃகு உறையிட்ட இன்னொரு வகையை நேரில் வெளியிட்டார்கள். மாநாட்டுச் செய்தி இணைய முன்பதிவுக்கு ஆள் சேர்த்தது. இணைய முன்பதிவின் வேகம் மாநாட்டில் மதிப்பைச் சேர்த்தது. முடிவில் 78,471 பேர் 2,03,38,986 டாலர் தந்தனர்.

2020-இல் வந்த பெருந்தொற்று இவ்விரண்டு வழிகளின் வலிமையையும் ஒருங்கே சோதித்தது. 2021 ஜனவரியில் மேற்சொன்ன பொருட்காட்சி முற்றிலும் இணையத்திலேயே நடைபெற்றது. 2022-இல் நேரிலும் இணையத்திலுமாகக் கலந்து நடந்தது. 2020-இல் 1,70,000-க்கும் மேற்பட்டோர் நேரில் வந்த காட்சிக்கு, 2022-இல் வந்தவர் 40,000-க்குச் சற்று மேல். ஆயினும் அக்காட்சி நேர்முகத்தை முற்றிலும் கைவிடவில்லை. கூடியவரை விரைவில் மண்டபத்துக்குத் திரும்பியது. தொட்டுப் பார்க்கும் தேவை தீரவில்லை என்பதற்கு இதுவே போதிய சான்று.

தொலைவில் உள்ளவருக்குத் தொட்டறியும் வாய்ப்பைத் தருவது எங்ஙனம்? பின்லாந்து நாட்டில் தோன்றிய ஊரா என்னும் நிறுவனம் விரலில் அணியும் மின்னணு மோதிரத்தைச் செய்கிறது. 2015-இல் கிக்ஸ்டார்ட்டர் மேடையில் பொதுமக்களிடம் பணம் திரட்டியவர்களில் அதுவும் ஒன்று. மோதிரம் விரலுக்குச் சரியாகப் பொருந்தாவிட்டால் அளவீடும் பிழைபடும். எனவே பல அளவிலான வெற்று மோதிரங்களை ஒரு சிறு பெட்டியில் இட்டு முதலில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அணிந்து பார்த்து அளவைத் தெரிவித்தபின் உண்மை மோதிரம் வருகிறது. நம்மவர் துணியின் மாதிரித் துண்டுகளை அட்டையில் ஒட்டி அனுப்பும் பழைய வழக்கமும் இதுவும் ஒன்றே.

5. வீழ்ச்சியின் காரணம்

2014 முடிவில் பத்து இலட்சம் பெபிள் கடிகாரங்கள் விற்றிருந்தன. 2015 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனத்தின் கடிகாரம் சந்தைக்கு வந்தது. உடற்பயிற்சிக்கான காப்புகளைச் செய்த ஃபிட்பிட் போன்ற நிறுவனங்களும் வலுத்தன. போட்டி மிகுந்தது மெய். ஆயினும் வீழ்ச்சியின் வேர் வேறிடத்திலும் இருந்தது. பிற்காலத்தில், 2022-இல், மிகிகாவ்ஸ்கி தாமே அதுபற்றி எழுதியுள்ளார். 2015-இல் எதிர்பார்த்த அளவு விற்பனை ஆகவில்லை. எதிர்பார்ப்பை நம்பிச் செய்து குவித்த சரக்கு தேங்கியது. கடிகாரம் யாருக்காக, எதற்காக என்ற தெளிவும் நாளடைவில் மங்கியது என்பது அவர் கூறும் காரணங்களின் சாரம்.

இதனை நெசவாளர் சங்கத்து அங்கத்தினர் ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். முன்பதிவுக்கு ஏற்பச் செய்தவரை நிறுவனம் பிழைத்தது. முன்பதிவின் ஆரவாரத்தை நிலையான தேவை எனக் கொண்டு கடைச் சரக்கைப் பெருக்கியபோது மூலதனம் முடங்கியது. மூன்று நாள் கண்காட்சியில் கண்ட கூட்டத்தை வைத்து ஓராண்டுக்குப் பாவு ஓட்டும் சங்கத்தின் கிடங்கிலும் இதே கதை நிகழும்.

2016 மார்ச்சில் அந்நிறுவனம் தன் ஊழியர்களில் நான்கில் ஒரு பங்கினரை, அஃதாவது 40 பேரை, வேலையினின்று நீக்கியது. மே மாதத்தில் மூன்றாம் முறையாகப் பொதுமக்களிடம் சென்றது. 66,000-க்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ 128 இலட்சம் டாலர் தந்தனர். அறிவித்த மூன்று கருவிகளில் ஒன்று மட்டும் அனுப்பத் தொடங்கிய நிலையில், 2016 டிசம்பரில் நிறுவனம் மூடப்பட்டது. அதன் மென்பொருள் உரிமைகளை ஃபிட்பிட் வாங்கிக்கொண்டது. மற்ற இரண்டு கருவிகளுக்குப் பணம் தந்தோருக்கு அப்பணம் திருப்பித் தரப்படும் என அறிவிக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே விற்ற கடிகாரங்களுக்கான உறுதிமொழி ஆதரவு நின்றுபோயிற்று. முதல் முன்பதிவில் இரண்டு மணி நேரத்தில் தொகை சேர்ந்த நிறுவனம், ஐந்தாண்டு முடியுமுன் இந்நிலையை அடைந்தது.

பணம் திரட்டும் ஆற்றல் வேறு, நிறுவனத்தை நடத்தும் ஆற்றல் வேறு. மூன்றாம் முறையும் மக்கள் பணம் தந்தார்கள் என்பதே, விளம்பரமும் வெளியீட்டு விழாவும் உள்நோயை மறைக்கவல்லவை என்பதைக் காட்டுகிறது. ஐந்தொகையைப் படிக்கத் தெரிந்த அங்கத்தினனை விழாவின் விளக்கொளி மயக்காது.

6. வாங்கியோர் கூடி நின்றது

இவ்வரலாற்றின் கடைசிப் பகுதி கூட்டுறவாளர்களுக்கு உவப்பானது. பெபிள் கடிகாரத்தின் சில வசதிகள் நிறுவனத்தின் கணிப்பொறிகளைச் சார்ந்து இயங்கியவை. அக்கணிப்பொறிச் சேவை 2018 ஜூன் 30-உடன் நிறுத்தப்பட்டது. அவ்வசதிகள் அழிந்துவிடாதபடி, கடிகாரத்தைப் பயன்படுத்தியோரில் தொழில் தெரிந்தவர்கள் ரெபிள் என்ற பெயரில் ஒன்றுகூடினர். தம் உழைப்பைத் தந்து மாற்றுச் சேவையை நிறுவினர். செலவு மிகும் சில வசதிகளுக்கு மட்டும் சிறு சந்தா பெற்றனர். முதலாளி விட்டுச் சென்ற பொருளை வாங்கியோரே தாங்கிப் பிடித்தனர்.

2021-இல் கூகுள் நிறுவனம் ஃபிட்பிட்டை வாங்கி முடித்தது. 2025 ஜனவரியில் பெபிள் கடிகாரத்தின் இயங்கு மென்பொருளை எவரும் எடுத்தாளலாம் என அந்நிறுவனம் வெளியிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் மிகிகாவ்ஸ்கி புதிய சிறு நிறுவனத்தின் பெயரால் இரண்டு கடிகாரங்களுக்கு முன்பதிவு தொடங்கினார். இம்முறை பொதுநிதி மேடையை நாடாது, தம் சொந்த இணையக் கடையிலேயே ஆணை பெற்றார். பழைய பயனாளிகள் குலைந்துபோகாமல் கூடி நின்றதால்தான், எட்டாண்டுக்குப் பின்னும் அப்பெயருக்கு வாங்குவோர் இருந்தனர்.

7. நம் தறிக்கு ஏற்ற கணக்கு

இனி, நம் சங்கமொன்று கண்காட்சியும் இணையமும் கலந்த வெளியீடு நடத்துவதாக வைத்துக்கொள்வோம். சங்கத்தில் 50 தறிகள் ஓடுகின்றன. ஒரு தறியில் ஒரு சேலைக்கு 3 நாள். மாதத்துக்கு 25 வேலை நாள். ஒரு தறிக்கு மாதம் 8 சேலை வீதம், சங்கம் முழுதும் 400 சேலைகள். விலை 2,000 ரூபாய். முன்பணம் 500 ரூபாய்.

புதிய உருவரை ஒன்றைக் காட்டிய மூன்று நாளில் 2,400 ஆணைகள் சேர்ந்தன எனில், பெட்டியில் 12 இலட்சம் ரூபாய் இருக்கும். நிர்வாகக் குழு மகிழ்ச்சியடையும். ஆனால் 2,400 சேலைக்கு 6 மாதம் வேண்டும். தீபாவளிக்கு இரண்டு மாதமே இருக்குமாயின் 800 பேருக்குத்தான் தர முடியும். எஞ்சிய 1,600 பேரிடம் பெற்ற 8 இலட்சம் ரூபாய், நிறைவேற்ற முடியாத வாக்குறுதிக்கு வாங்கிய பணமாகும். அவசரத்துக்கு வெளிச்சரக்கை வாங்கி நம் சங்க முத்திரையிட்டு அனுப்பலாம் என்ற எண்ணம் அப்போது எவருக்கேனும் எழக்கூடும். அந்நாளே சங்கத்தின் நாணயம் போயிற்று.

ஆகவே விழாவுக்கு நாள் குறிக்குமுன் தறிக்கு எண் குறிக்க வேண்டும். 800-ஆவது ஆணையோடு பதிவு நிற்க வேண்டும். அதன் மேல் வருவோர் பெயரைப் பணம் பெறாமல் எழுதிக்கொண்டு, அடுத்த தவணையில் முதலிடம் தரலாம். நேரில் பதிவோர்க்கும் இணையத்தில் பதிவோர்க்கும் ஒரே வரிசை எண்ணை வழங்குதல் நலம். இரண்டு ஏடுகள் இரண்டு இடத்தில் இருப்பின், ஒரே சேலை இருவருக்கு விற்கப்படும். பதிவு செய்தோர் யாவருக்கும் அனுப்பி முடியும்வரை அந்த உருவரை கடைக்கு வரலாகாது.

முன்பணத்தைச் சங்கத்தின் பொதுக் கணக்கில் கலவாமல் தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். பட்டும் நூலும் சாயமும் வாங்குவதற்கு, ஆணையின் அளவுக்கு ஏற்பவே அதிலிருந்து எடுக்கலாம். பழைய கடன் தீர்க்கவோ போனஸ் வழங்கவோ தொடலாகாது. சேலை போய்ச் சேர்ந்த பின்னரே அத்தொகை விற்பனை வரவாக ஏற வேண்டும்.

இணையத்தில் விற்போர் சட்டத்தையும் அறிந்திருத்தல் அவசியம். நம் நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-இல் வந்தவை. குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்திற்குள் தீர்க்க வேண்டும் என்பன அவற்றுள் அடங்கும். சொன்ன காலத்துக்குப் பிந்தி வந்த பொருளை வாங்கியவர் திருப்பினால், இயற்கைப் பேரிடர் போன்ற தவிர்க்க முடியாத காரணம் இருந்தாலன்றி விற்றவர் மறுக்கலாகாது. எனவே காலக்கெடுவை எழுதும் கை, தறியில் இருக்கும் கையைக் கேட்டே எழுத வேண்டும்.

விளைவிப்போர் சங்கங்களுக்கும் இக்கணக்கு பொருந்தும். அறுவடைக்கு முன்னரே மஞ்சளுக்கோ வெல்லத்துக்கோ ஆணை பெறும்போது, நல்ல ஆண்டின் விளைச்சலை அடிப்படையாகக் கொள்ளாமல், மழை பொய்த்த ஆண்டின் விளைச்சலைக் கொண்டே வரம்பு கட்டுதல் அறிவுடைமை.

தாமதம் நேர்ந்தால் மௌனம் சாதித்தல் கூடாது. பாவு நனைந்தது, சாயம் வரவில்லை, நெசவாளர் நோயுற்றார் என்ற உண்மையை அப்படியே எழுதி, புதிய நாளைக் குறித்து, காத்திருக்க விரும்பாதோர் பணத்தைத் திரும்பப் பெறலாம் எனவும் அறிவிக்க வேண்டும். பெபிள் நிறுவனத்தின் முதல் தாமதத்தை மக்கள் பொறுத்துக்கொண்டதில், அவர்களுக்கு அவ்வப்போது செய்தி போய்க்கொண்டிருந்ததற்கும் பங்குண்டு.

மேலை நாட்டு நிறுவனத்தில் பணம் தந்தோருக்கு நிர்வாகத்தில் குரல் இல்லை. கணக்கைக் கேட்கும் உரிமை இல்லை. நம் சங்கத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கும், பேரவையில் எழுந்து வினவும் உரிமையும் உண்டு. விழாவுக்கு முன் அவ்வுரிமையைப் பயன்படுத்தும் அங்கத்தினர், விழாவுக்குப் பின் வருந்த நேராது.

8. ஆய்வு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் ஓடும் தறிகள் எத்தனை? புதிய உருவரையில் இரண்டு மாதத்தில் எத்தனை உருப்படி தர இயலும்? நெசவாளர்களைக் கேட்டு எழுதுக.

2. பங்குத் தொகை, வைப்புத் தொகை, முன்பணம் ஆகியவற்றின் வேறுபாடு யாது? நம் சங்க ஏடுகளில் இவை தனித்தனியே எழுதப்பட்டுள்ளனவா?

3. ஒரு பொருளுக்கு 2,000 ரூபாய் விலை. இணைய மேடைக்கும் பணம் வசூலிப்போருக்கும் நூற்றுக்கு 10 வீதமும், பொதிக்கும் அஞ்சலுக்கும் 120 ரூபாயும் போனால் சங்கத்துக்கு நிற்பது எவ்வளவு? அதில் கூலியும் நூல் விலையும் அடங்குமா?

4. கண்காட்சிக்கு வர இயலாதவருக்கு நம் துணியின் கனத்தையும் மென்மையையும் அறிவிக்க என்ன வழி செய்யலாம்?

5. கடந்த மூன்று கண்காட்சிகளுக்குப் பின் கிடங்கில் தேங்கிய சரக்கின் மதிப்பு யாது? அதற்குக் காரணம் தேவையைத் தவறாக மதிப்பிட்டதா, உருவரையா, விலையா?

இவற்றுக்கு விடை கண்டு, அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு எழுத்து வடிவில் அனுப்புமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.